முகத்தொட்டிலில் வளர்ந்தவள்

கல்லெறிந்தவர்களைத் திரையில் பார்த்த மாத்திரத்தில் சந்தனமாரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். அவளுக்கு நெற்றியும் கண்ணும் போதும்.

"உப்பளத்து ஆளுகதான?" என்றார் கண்காணிப்புத் துறை அதிகாரி தனசிங்.

"இல்ல சார். நம்ம பயிற்சிக் காவலருங்க. கேண்டீன்ல பாத்திருக்கேன், பேரும் தெரியும்."

உப்பளத் தொழிலாளர் போராட்டத்தில் விழுந்த அந்தக் கல்லெறியைக் கலவரம் என்று சொல்லித்தான் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உப்பு வாரும் பெண் ஒருத்தி செத்துப்போனாள்.

தனசிங் கதவைச் சாத்தினார். "உப்பளத்து ஆளுகன்னு சொல்லிட்டுப் போ. உன்னை வளத்த சோத்துக்கு விசுவாசம் வேண்டாமா?"

சந்தனமாரிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. கைக்குழந்தையாக அரசுக் காப்பகத்துக்கு வந்தவள் அவள். கூட்டத்தில் ஆளை அடையாளம் காட்டும் முகக்காவலராக்குவதற்காக முகத்தொட்டிலில் கிடத்தி, விழித்திருந்த நேரமெல்லாம் மனித முகங்களையே காட்டினார்கள். எதைப் பார்த்து வளர்கிறோமோ அதற்கேற்பத்தான் மூளையில் முகத்துக்கு ஓரிடம், எழுத்துக்கு ஓரிடம் என்று அமைகிறது. அவளுக்கு எழுத்தின் இடத்தையும் முகங்களே பிடித்துக்கொண்டன. ஒருமுறை பார்த்த முகம் மறக்காது. ஆனால் பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

"சோறு போட்டீய சார். என் தலைக்குள்ள இருந்த இடத்தை யாரக் கேட்டு எடுத்தீய?"

மேசைமேல் சாட்சிக்கருவி இருந்தது. முகக்காவலர்களுக்கு எழுத வராது என்பதால், அதன்முன் அவர்கள் சொல்வதே இறுதிச் சாட்சி என்று அரசே சட்டம் போட்டிருந்தது. மறுக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தால் சிறைக்குப் போன உப்பளத்துக்காரர்கள் ஏராளம்.

அவள் கருவியை ஓங்கித் தட்டினாள். விளக்கு எரிந்தது. ஒவ்வொரு பெயராகக் கத்திச் சொன்னாள். தனசிங் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் கடைசிப் பெயரும் வந்துவிட்டது. "பின்னால தலையில துண்டு போட்டு நின்னு கையக் காட்டுனது இந்த தனசிங்!"

எல்லோரும் கைதானார்கள். கொஞ்ச நாளில் முகத்தொட்டில்களை அரசு மூடியது. குழந்தைகள்மேல் என்ன கருணை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. விடுதித் தோழி ஹெப்சி செவிலியர் வேலை பார்ப்பவள், படிக்கத் தெரிந்தவள். அவள்தான் ஆணையை வாசித்துக் காட்டினாள்.

"இனிமே முகக்காவலர் கிடையாதாம். எல்லா எடத்துலயும் இயந்திரக் கண்ணு வைக்கப்போறாவ. துறை கேக்குற முகத்த மட்டுந்தான் அது காட்டுமாம்."

"எங்களப் பத்தி?"

ஹெப்சி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் போடல, மாரி."

"நல்லாப் பாரு!"

"பாத்துட்டேன்டி."

சந்தனமாரி தாளைப் பிடுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து அந்தக் கறுப்புக் கீறல்களை முறைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.