தெஸ்பினாவுக்குக் கிடைத்த பட்டம்

லாஸரின் பிறந்தநாளுக்குக் காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். இத்தாலியின் பிரிந்திசித் துறைமுகத்தைப் பார்த்த அந்த வாடகை வீட்டின் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். அவன் மனைவி தெஸ்பினாவுக்கு மட்டும் நாற்காலி இல்லை!

காபித் தட்டோடு வந்தவளைக் கண்டதும் கிழட்டுத் தளபதி வுகான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"இவ கையால எனக்கு வேண்டாம் மகாராஜா... என் பையன் ரத்தம் அந்தக் கையில இருக்கு!"

லாஸர் மனைவியைப் பார்க்கவே இல்லை. "உள்ள போ," என்றான்.

கடலுக்கு அக்கரையில், சொந்த நாட்டில் முடியாட்சியை ஒழித்தவர்கள், அரச வாரிசான லாஸர் நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஒருமுறை லாஸர் படகில் திருட்டுத்தனமாகத் திரும்பப் பார்த்தான். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். இங்கே போலீஸ் அவனைத் துறைமுகத்திலேயே மடக்கியது. செய்தி அக்கரைக்கும் எட்டி, அங்கே கரையில் காத்திருந்தவர்களை நிற்க வைத்துச் சுட்டார்கள். காட்டிக்கொடுத்தது தெஸ்பினா என்று மாமியார் மிலித்சா சொன்னாள். தெஸ்பினா மறுக்கவில்லை. அன்றிலிருந்து கணவன் அவளோடு சேர்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

மாடியில் மிலித்சா இழுத்துக்கொண்டு கிடந்தாள். தெஸ்பினா அவளுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தபோது, மாமியார் கூப்பிட்டு அனுப்பியிருந்ததால் லாஸர் வந்தான்.

"லாஸர்... அன்னிக்குப் போலீஸ்ல சொன்னது நான்தாண்டா."

"அம்மா!"

"உங்கப்பாவைக் கொன்ன மாதிரி உன்னையும் கொன்னுடுவாங்கன்னு பயந்தேன். பொண்டாட்டின்னா நாளைக்கு மன்னிச்சிடுவான், பழியை நீ ஏத்துக்கோன்னு இவ கால்ல விழுந்தேன்... உங்கிட்ட சொல்லாம எனக்குப் பாவமன்னிப்பு கிடையாதுன்னுட்டாரு பாதிரியார்."

லாஸர் மனைவியின் பக்கம் திரும்பினான். பிறகு தெஸ்பினாவைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"ஏன் தெஸ்பினா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேங்க... 'இது உண்மையா'ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, அத்தைக்குக் குடுத்த வாக்கையும் மீறிச் சொல்லியிருப்பேன்."

அவன் தோளில் முகம் புதைத்து அவளும் அழுதாள். 'இப்போது கீழே கூட்டிக்கொண்டு போவார்... எல்லார் முன்னாலும் சொல்வார்...' என்று நம்பினாள்.

லாஸர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தெஸ்பினா... இது இந்த அறையோட இருக்கட்டும்."

"என்ன சொல்றீங்க?"

"ராணியான எங்கம்மாவே காட்டிக்குடுத்தாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு யார் என்னை மகாராஜான்னு கூப்பிடுவா? எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு! இத்தனை வருஷம் தாங்கிட்ட... இன்னும் கொஞ்சம். இனிமே தனியா இருக்கறப்போ நீதான் எனக்கு எல்லாம்."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் நிம்மதி!

"அத்தைக்காகத் தாங்கினேன். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தாங்கினேன்," என்றாள் தெஸ்பினா. "தெரிஞ்ச பிறகும் தாங்கச் சொல்றீங்களே... அது என்னால ஆகாதுங்க."

மேலங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். லாஸர் பின்னாலேயே ஓடிவந்தான். கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க கிளம்பிட்டா துரோகி? யாரைக் காட்டிக்குடுக்க?" என்று எழுந்தார் வுகான். சிலர் சிரித்தார்கள்.

அவள் வாசற்படியில் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை... அவன் உதடு அசைந்தது.

"தளபதி, உக்காருங்க," என்றான். "எல்லார் காபியும் ஆறிப்போகுது."

தெஸ்பினா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.