சிவப்புப் பூச்சு வரைக்கும்

அந்தப் பெண் வந்ததும் உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். போலீஸுக்கு எழுதிய புகார். குற்றம் சாட்டப்பட்டிருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

"ஆதாரம் ஒண்ணுதான் குறையுது. அதைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க, சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்," என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இருபது வருடம் படகுகளின் சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் சர்வேயரம்மாதான். பக்கத்தில் நோட்டும் கையுமாக அவருடைய நாத்தனார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளில் துப்பறிய அண்ணி வீட்டுக்கு வந்துவிடுவாள். பாதிக் கதை கேட்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பிடித்தவரை விடுவிப்பது அண்ணியின் பொறுப்பு.

விஷயம் இதுதான். அண்ணனும் தங்கையும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்து வாங்கிய பாய்மரப் படகு ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், அண்ணன் சுக்கான் பிடித்திருந்தபோது காற்று திடீரென்று திரும்பி, பாயின் அடிக்கட்டை சுழன்று தங்கையின் தலையில் அடித்துவிட்டது. ஆறு தையல். அண்ணன் நடுங்கிப்போய், இனி இந்தப் படகு தண்ணீரிலேயே இறங்கக் கூடாது என்றான். பயந்தாங்கொள்ளி என்றாள் இவள். இந்தப் படகில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிப் போனவனோடு அதன்பின் பேச்சே இல்லை.

இப்போது படகு கரையேறிப் பட்டறையில் நிற்கிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பகுதியில் பூசும் பெயிண்ட் வருடக் கணக்கில் அடுக்கடுக்காகத் தடித்துவிட்டதால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்ப்பு மெஷினோடு போய் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறாள். மூன்று வாரமாக, போகும்போதெல்லாம் யாரோ அவளுக்கு முன்னால் வந்து ஒரு பகுதியைச் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணனேதான். அடியைக் கெடுத்துட்டா படகு இறங்காதுல்ல? நினைச்சதைச் சாதிக்கிறான்," என்றாள். நாத்தனார் நோட்டில் 'அண்ணன்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வேயரம்மா விசாரித்தார். அதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"நாங்க ரெண்டு பேர்தான். இப்போ வயித்துல நாலு மாசம். இவரைத் தவிர யாருக்கும் இன்னும் சொல்லல. தங்கமான மனுஷன், ஒரு வேலை செய்ய விடறதில்ல. மூணு வாரமா ஆபீஸ்லேர்ந்து வந்ததும் நேரா குளியலறைக்குத்தான் போறாரு. தன் துணியைத் தனியா வச்சுத் தானே துவைக்கிறாரு. படகு வேலையை விடச் சொல்லித்தான் ஒரே நச்சரிப்பு. அதை மட்டும் கேக்கமாட்டேன்னுட்டேன்."

சர்வேயரம்மா அவள் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, படகைப் பார்க்கலாமா என்று எழுந்தார்.

பட்டறையில் படகு இரும்பு முட்டுக்கால்களின்மேல் நின்றது. மேல் பூச்சு நீலம். சுரண்டிய இடம் முழுக்க ஒரே சீராகச் சிவப்பு. வருடத்துக்கு ஒரு நிறமாக மாற்றி மாற்றி அடிப்பார்கள் என்று விளக்கினாள் அந்தப் பெண். அப்போதுதான் சுரண்டும்போது எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரியும். முதல் பூச்சு சிவப்பு. அதைத் தாண்டினால் படகின் உடம்பு. "அதை அடிச்சது நானும் அவனும் மட்டும்தான். வேற யாருக்கும் தெரியாது. பாத்தீங்களா, அவன்தான்."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "அண்ணி, பல் எனாமல்ல கீறல் விழாம காறை எடுத்த மாதிரி இருக்கே," என்று விரலால் தடவப் போனாள்.

"தொடாதே, விஷம்," என்றார் அண்ணி. அவர் பார்வை தரையில் இருந்தது. ஒரு செதில் கிடையாது. மழை இல்லாத வாரத்தில் மண் ஈரமாக இருந்தது. அப்புறம் ஒரு முட்டுக்காலின் உச்சியில் படகைத் தாங்கும் பலகையின் ஓரமாக எட்டிப் பார்த்தார். பலகை ஒட்டியிருந்த இடத்திலும் சிவப்பே தெரிந்தது. கடைசியாக, படகில் சாய்த்திருந்த ஏணிக்குப் போனார். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே தூசி படிந்த சிலந்திவலை.

"இதைக் கலைச்சுடாதே. ஆதாரம்," என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போட்டு அந்தப் பெண்ணை உட்காரவைத்தார்.

"நீங்க சொன்னது சரி. உங்க அண்ணன்தான்."

அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள்.

"ஆனா கெடுக்க வந்தவர் சிவப்புல ஏன் நிறுத்தணும்? இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா படகுக்கே காயம். ஒரு இடத்துலகூடத் தாண்டல. தண்ணி தெளிச்சு, தூசி பறக்காம, கையால சுரண்டியிருக்கார். செதிலையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்கார். போன ஞாயித்துக்கிழமை நீங்க பறக்கவிட்ட தூசியையும் சேத்துதான். வயித்துல பிள்ளையோட இருக்கற உங்க மூச்சுல இந்தப் பெயிண்ட் தூசி போகக் கூடாதுன்னு நினைச்ச ஆள் செய்யற வேலை இது."

"அவனுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும்..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"முட்டுக்கால் இருந்த இடத்தையும் சுரண்டியிருக்காங்க. ஒண்ணை எடுக்கணும்னா பக்கத்துல இன்னொண்ணு போட்டு, அது தாங்குதான்னு ஒருத்தர் பாக்கணும், ஒருத்தர் தளர்த்தணும். தனி ஆளால முடியாது. இன்னொரு ஆள், வீட்டுக்குப் போனதும் உங்க பக்கமே வராம குளிக்கப் போறவர்."

நாத்தனார் நோட்டில் போட்டிருந்த இரண்டு கோடுகளையும் அடித்தாள். கணவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் சொன்னா நீ கேக்கல. மச்சான்கிட்ட போய் நின்னேன். மறுநாளே வாளியோட வந்துட்டாரு," என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் இருவரும் வருவார்களாம். இன்றைக்கும் வரும் நேரம்தான்.

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வாளியும் சுரண்டியுமாக ஒருவன் வந்தான். எல்லோரையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

தங்கை அவனையே பார்த்தாள். இந்த மூன்று வருடக் கோபத்தில் பாதி, அவன் திரும்பி வராததன் கோபம். அது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. கண் நிறைந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தியிருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா? ஆனா சொன்ன சொல்லை மீறல. கீழ நின்னேதான் செஞ்சேன். மேல கால் வைக்கல."

"தெரியும்," என்றார் சர்வேயரம்மா. "ஏணி சொல்லிச்சு."

தங்கை எழுந்துபோய்க் கடிதத்தை அவன் வாளித் தண்ணீரில் போட்டாள். மை கரைவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேல கயிறெல்லாம் சிக்கிக் கிடக்கு. என்னால இப்போ ஏற முடியாது. இவருக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது," என்றாள். கணவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ஏறு அண்ணா."

அண்ணன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். ஏணிக்குப் போய், கையால் சிலந்திவலையை விலக்கிவிட்டு ஏறினான்.

"அண்ணி, ஆதாரம் போச்சு," என்றாள் நாத்தனார்.

"போகட்டும்," என்றார் சர்வேயரம்மா.