தயாபரனின் மூன்றாவது பந்து

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் இன்னும் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. போட்டி நிமலனுக்கும் தயாபரனுக்கும். ஆளுக்கு மூன்று பந்து.

நிமலன் மூன்றில் இரண்டு கோல் போட்டுவிட்டான். தயாபரன் வலது காலால் அடித்த முதல் பந்து வேலியில் மோதியது. இரண்டாவது, மைதான வாசலில் நின்ற கடலை வண்டிக்குப் போனது.

"தம்பி, கோல் அந்தப் பக்கம்!" என்று கத்தினார் கடலைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நிமலன் சிரிக்கவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில், அவர்கள் விளையாடும் குறுகிய ஒழுங்கையில், தயாபரன் இடது காலால் அடிக்கும் பந்தை எவராலும் பிடிக்க முடியாது. அது நிமலனுக்குத் தெரியும். அணிக்கு ஆள் எடுக்கும் இஸ்ஸதீன் சேருக்குத் தெரியாது.

பேசாமல் இருந்தால் இடம் நிமலனுக்குத்தான். அவன் புல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தான்.

பிறகு, "சேர், ஒரு நிமிசம்!" என்று தயாபரனிடம் ஓடினான்.

"ஏன்டா இடது காலால அடிக்கேல்லை?"

தயாபரன் தலையைக் குனிந்தான். "நல்ல காரியத்துக்கு வலது காலைத்தான் வைக்கோணும் எண்டு அம்மா சொன்னவ. சத்தியம் பண்ணிப்போட்டு வந்தனான்."

அவனுடைய அப்பா இன்னும் சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்தில்தான். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. அப்போதிலிருந்து அவனுடைய அம்மா எதற்கும் சகுனம் பார்த்தார்.

நிமலன் யோசித்தான். "காலை வைக்கத்தானே சொன்னவ? வெளியில போ. வலது காலை வைச்சு உள்ள வா. பிறகு பந்தை உன்ர காலால அடி."

தயாபரன் கோட்டுக்கு வெளியே போனான். புதுப்பெண் மாதிரி வலது காலை மெல்ல எடுத்து வைத்தான்.

"ஆரத்தி எடுக்கவா தம்பி?" என்றார் கடலைக்காரர்.

அடுத்த கணம் இடது கால் சுழன்றது. கோலுக்குள் நின்ற பௌஸி கையைத் தூக்குமுன் வலை அதிர்ந்தது.

இஸ்ஸதீன் சேரின் வாயிலிருந்து விசில் விழுந்தது. "எங்கடா மகன் இந்தக் காலை இவ்வளவு நேரம் ஒளிச்சி வெச்சிருந்த? இடது பக்கத்துக்கு ஆள் தேடி ரெண்டு வருசம்!"

அவர் தயாபரனின் பெயரை எழுதினார். நிமலன் தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். மறுபடியும் கட்டினான்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சந்தியில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரர் பைகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போக விட்டார். தயாபரன் தங்கியிருந்த லொட்ஜ் வாசலில் அவனுடைய அம்மா பாலேஸ்வரி காத்து நின்றார்.

"வலது காலை வைச்சனியோ, ராசா?"

"ஓமம்மா, வைச்சனான். என்னை எடுத்திட்டினம்!"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நிமலன் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீயும் வா அப்பு, சுண்டல் இருக்கு."

நிமலன் உள்ளே போகக் காலைத் தூக்கினான். இடது கால். கீழே வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்தான்.

"நீயுமோடா?" என்று சிரித்தான் தயாபரன்.

"பின்னை? அடுத்த வருசம் எனக்கும் இடம் வேணுமே!"