சில்லையைப் பார்க்காத ஊர்

கோரைக்குளத்தில் மேற்குத் தெரு வழியாகப் போகிறவர்கள், வானத்தில் பொட்டு மேகம் இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார்கள். தலைக்கு மேலே அல்ல, பக்கவாட்டில், புல்வெளி கண்ணில் படாதபடி. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குப் பால் காய்ச்சுகிற அன்றே அக்கம்பக்கத்தார் ஒரு குடை கொடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கா வீடு போகப்போகிறது?

எல்லார் கண்ணிலும் காண்வில்லை பொருத்தப்பட்ட காலம் அது. கருவிழியோடு ஒட்டிய அந்த மெல்லிய வில்லைதான் வீட்டுச் சாவி, பஸ் டிக்கெட், தொலைபேசி எல்லாம். கழற்ற முடியாது. எந்தப் படத்தையும் எவரும் பொய்யாக உருவாக்கலாம் என்றாகிவிட்டதால், உயிருள்ள கண் நேரில் கண்டதை மட்டுமே அரசு சாட்சியாக ஏற்றது. அதிலிருந்து பிறந்தது 'கண்டால் காப்பு' சட்டம். அருகிவரும் உயிரினம் ஒன்றை யாராவது பார்த்துவிட்டால், வில்லை உடனே பதிவகத்துக்குச் சொல்லிவிடும். சுற்றியுள்ள நிலம் மனிதர் நுழையாத காப்பிடமாகிவிடும். குடியிருந்தவர்களுக்கு வேறெங்காவது வீடு கிடைக்கும். நல்ல சட்டம்தான், பறவைக்கு.

கோரைக்குளத்துப் புல்லில் சிவப்புச் சில்லைகள் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவி. மழைக்காலத்தில் ஆண் குருவி குங்குமத்தில் புரண்டதுபோலச் சிவந்துவிடும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் மெல்லிய சீழ்க்கையை முதலில் அடையாளம் கண்டவள் மேற்குத் தெரு ரெஜினாதான். கல்யாணத்துக்கு முன்பு பறவை பறவை என்று காடுமேடெல்லாம் அலைந்தவள். எல்லாம் பார்த்திருக்கிறாள், இந்த ஒன்றைத் தவிர. இப்போது அது கொல்லைப்புறத்திலேயே கூடு கட்டுகிறது, இவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பாவம்தான்.

சாயங்காலமானால் அவளும் கணவன் சகாயராஜும் புல்வெளிக்கு முதுகைக் காட்டி நாற்காலி போடுவார்கள். ரெஜினா திரும்பாமலே தோளுக்கு மேலாகத் தினையை வீசுவாள்.

"கேட்டீயளா? குஞ்சு பொரிச்சிருக்கு. சத்தமே மாறிட்டு."

"திரும்பிராத தாயே. இப்பதான் வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்கேன்."

"ஒரு தடவ பாத்தா என்னவாம்?"

"என்னையப் பாரேன். நானும் செவப்புச் சட்டைதான் போட்டிருக்கேன்."

அவள் மிச்சத் தினையை அவன் தலையில் கொட்டினாள்.

ஒருநாள் காலையில் எல்லார் வில்லையிலும் அறிவிப்பு ஓடியது. புல்வெளியை மட்டமாக்கி மின்கலக் கிடங்கு கட்டப்போகிறார்கள், வேலை மறுநாளே தொடங்கும். காரணமும் போட்டிருந்தார்கள். இத்தனை குடும்பங்கள் பக்கத்திலேயே வாழ்ந்தும், இத்தனை வருடங்களில் அங்கே அருகிவரும் பறவை ஒன்றுகூட எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. ஆகவே அது வெற்றுநிலம்.

வீட்டைக் காப்பாற்றிய குடையே குருவிக்கு எமனாகிவிட்டது.

தெருவே தண்ணீர்த் தொட்டியடியில் கூடியது. அடுத்த வீட்டுச் செல்லத்துரை போன மாதம்தான் மாடி எடுத்துக் கட்டி முடித்திருந்தார். "எல்லாரும் போயி சத்தியம் பண்ணுவோம். சத்தத்தக் கேட்டோம்னு சொல்லுவோம்" என்றார்.

"காதால கேட்டத அவிய எடுத்துக்கிட மாட்டாங்க அண்ணாச்சி. கண்ணுதான் வேணும்" என்றாள் ரெஜினா.

"மண்ணு வாருதவன் பாத்துட்டா நின்னுரும்லா?"

"வாரது ஓட்டுநர் இல்லாத தானியங்கி மண்வாரி. அதுக்குக் கண்ணு இருக்கு, உசுரு இல்ல. செல்லாது."

ரெஜினா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "நான் பாக்கட்டுமா? பாத்தா ஒங்க எல்லார் வீடும் போயிரும். அதான் கேக்கேன்."

செல்லத்துரை தன் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "பாத்துத் தொல. ஆனா நீ ஒருத்தி மட்டும் பாத்துட்டுப் போயிராத. வீடு எல்லாருக்கும்தான போகுது? நாங்களும் வாரோம்."

மறுநாள் காலை மண்வாரிகள் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. தெருவே புல்வெளி ஓரத்தில் குடைகளோடு நின்றது. ரெஜினா முதலில் மடக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக மடங்கின.

கோரைத் தண்டு ஒன்று லேசாக வளைந்தது. நுனியில் ஒரு சிவப்பு. சின்ன அலகும் சிவப்பு. மார்பில் வெள்ளைப் புள்ளிகள். அது இவர்களைச் சட்டை செய்யாமல் வாயைத் திறந்து அந்தப் பழைய சீழ்க்கையை அடித்தது. தாங்க முடியாத சந்தோஷத்தில் ரெஜினா கேவிக்கேவி அழுதாள்.

"இம்புட்டுத்தானா?" என்ற செல்லத்துரை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லார் வில்லையும் ஒரே சமயத்தில் மணியடித்தது. மண்வாரிகள் அப்படியே நின்றன.

அந்த வாரமே ஊர் காலியாயிற்று. வெகுதூரத்தில், கரிசல் பொட்டலில் புதுக் குடியிருப்பு கொடுத்தார்கள். கோரைக்குளத்துப் புல் கோடையிலும் பசுமையாக நின்றது இவர்கள் வீட்டுச் சமையலறைத் தண்ணீரால்தான். சட்டம் போட்டவர்களுக்கு அது தெரியாது, விட்டுவந்தவர்களுக்கும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை. புல் காய்ந்ததா என்று போய்ப் பார்க்கவும் யாருக்கும் அனுமதி கிடையாது.

அடுத்த மழை முடிந்தபோது, புது வீடுகளின் பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிய இடமெல்லாம் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. ஒரு சாயங்காலம் சட்டி கழுவிக்கொண்டிருந்த ரெஜினாவின் கை நின்றது.

"என்னங்க..."

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் சகாயராஜ். பரணிலிருந்து குடையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். "பாக்கணுமா ரெஜி?"

பார்த்தால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். தண்ணீர் விட ஆளில்லாமல் இந்தப் புல்லும் காயும். பார்க்காமலே இருந்தால் என்றைக்காவது மண்வாரி வரும்.

"மண்வாரி வரட்டும், அப்பப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லி, திரும்பாமலே பாத்திரத் தண்ணீரைப் புல்லில் ஊற்றினாள். சகாயராஜ் குடையை விரித்தான். தெரு நெடுகக் குடைகள் விரியும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே செல்லத்துரையின் தொண்டை:

"ஏய், யாரும் திரும்பிராதீங்க! இப்பதான் மறுபடியும் மாடி எடுக்கேன்!"