செண்பகவல்லியின் கை

காற்று வேகம் கூடியதும் ஷிஃபானாவின் வலது கை தானாகவே நெம்புகோலைத் தாழ்த்தியது. கப்பல் தளத்தில் கொள்கலன் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பாரந்தூக்கியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கியவள், நிழலில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கடல் தன் தீவை விழுங்கியபோது மகளைத் தூக்கிக்கொண்டு முத்துத்துறைக்கு வந்தவள் அவள். போன மாதம்வரை பாரந்தூக்கியைத் தொட்டதுகூட இல்லை. துறைமுகத்தின் மிகச் சிறந்த இயக்குநர் செண்பகவல்லி. அவருடைய கைப்பழக்கத்தை அப்படியே எடுத்து, ஒரே பகலில் இவள் நரம்புகளில் பதித்துவிட்டது 'கைப்பதிவி' என்ற கருவி. அகதி முகாமிலிருந்து வந்த பன்னிரண்டு பேருக்கும் அதே கைதான். தகுதிகாண் காலத்தில் வேலை நிற்காமல் நடந்தால் குடியுரிமை. குடியுரிமை இருந்தால்தான் மகளுக்குப் பள்ளியில் இடம்.

மேலாளர் இம்மானுவேல் ஓடி வந்தார்.

"ஏம்மா, எதுக்கு இறங்குன? காத்து அளவுக்குள்ளதான இருக்கு. ஏறு!"

"கை வேண்டாங்குது சார்."

"கை வேண்டாங்குதா? முகாம் வேணுங்குதா?"

பள்ளிக்கூட வேலியைப் பிடித்து எட்டிப் பார்க்கும் மகளின் முகம் ஷிஃபானாவுக்கு நினைவு வந்தது. ஆனாலும் எழவில்லை.

இம்மானுவேல் கருவியாளர் கதிரவனிடம் திரும்பினார். "காத்துக்கு இறங்குற பழக்கத்தை மட்டும் அழிச்சிடுப்பா."

"முடியாது சார். காத்தடிச்சா, யார் கத்தினாலும் செண்பகவல்லியம்மா இறங்கிருவாங்க. அதனாலதான் அவங்க கையில ஒரு பெட்டிகூட விழுந்ததில்ல. ரெண்டும் ஒரே பழக்கம்."

அதற்குள் மற்ற பதினொரு பாரந்தூக்கிகளும் நின்றுவிட்டன.

"இந்த ஊர்க்காரங்களோட மல்லுக்கட்ட முடியாமத்தானய்யா இவங்களைக் கொண்டாந்தோம்!" என்று தலையில் கைவைத்தார் இம்மானுவேல்.

ஷிஃபானா எழுந்தாள். முகாம் வகுப்பில் படித்த தமிழை நிதானமாகக் கோத்தாள்.

"எங்களை ஊர்க்காரங்களா ஆக்கத்தானே சார் இந்தத் திட்டம்? காத்து அடங்கினதும் ஏறுவோம். அதுக்கு முன்னால பன்னிரண்டு பேருக்கும் குடியுரிமை வேணும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

துறைக்கு வெளியே காத்திருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதின. இம்மானுவேல் திட்டத்தின் தலைமையகத்தை அழைத்தார். கெஞ்சினார், விளக்கினார், மறுபடி கெஞ்சினார். காற்று அடங்குமுன் குடியுரிமைக்கு ஒப்புதல் வந்துவிட்டது.

ஷிஃபானா மகளுக்குச் செய்தி சொல்ல ஓடினாள். மேலாளர் கதிரவனிடம் பல்லைக் கடித்தார்.

"அந்தச் செண்பகவல்லியம்மா வாயையும் சேர்த்துப் பதிச்சிருக்கியே, அதையாவது அழி!"

"வாயைப் பதிக்கவே இல்லையே சார்" என்றான் கதிரவன். "கையை மட்டும்தான்."