‘எனக்கு’ என்று தொடங்கும் பதிவேடு

நாற்பத்தொரு நாட்களாக அவள் யாரிடமும் பிடிபடவில்லை.

புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே வகுப்பின் இடது ஓரத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நடக்கும்போதும் தோழிகளுக்கு இடது பக்கமாகவே நடப்பாள். அதனால் ‘ஓரம்’ என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. காரணம்தான் யாருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது காது வேலை செய்யவில்லை. எல்லாரையும் வலது பக்கம் வைத்துக்கொண்டால் எப்படியோ சமாளித்துவிடலாம்.

பழைய பள்ளியில் விஷயம் தெரிந்த மறுநாளே ஒரு விளையாட்டு தொடங்கியது. இடது பக்கம் வந்து நின்று மெதுவாக ஏதாவது சொல்வார்கள். அவள் திரும்பாவிட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இங்கே அந்த விளையாட்டு இல்லை. அதை இங்கே வரவிடும் உத்தேசமும் அவளுக்கு இல்லை.

அன்று விடுமுறை. “என்கூட வர்றியா? புது பஸ் நிலையத்தைக் குடையப் போறோம்” என்றாள் சித்தி.

“குடையறதுன்னா?”

“சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? வந்து பாரு.”

சித்தி தையல்காரி. சக்கர நாற்காலியில்தான் போவாள், வருவாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். நகராட்சியின் அணுகல் ஆலோசனைக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோக முடியுமா என்று பொது இடங்களைப் பார்த்துச் சொல்வதுதான் அந்தக் குழுவின் வேலை.

பேருந்து நிலையம் பெயின்ட் வாசனையோடு காலியாகக் கிடந்தது. திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. குழுவின் இன்னொரு உறுப்பினரான ரேடியோ மெக்கானிக் மாமா மடக்குத் தடியோடு வாசலில் நின்றார். அவருக்குப் பார்வை கிடையாது. பக்கத்தில் தடித்த பதிவேட்டோடு எழுத்தர் அக்கா. கட்டடத்தைக் கட்டிய பொறியாளரும் வந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முகத்தைக் கண்டதும் ஓரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வகுப்புத் தோழி பட்டாணி.

“ஏய் ஓரம், நீயா? இவர் எங்கப்பா. நீ யாரோட வந்தே?”

“சித்தியோட” என்று சொல்லிக்கொண்டே ஓரம் அவளுக்கு இடது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

குடைச்சல் தொடங்கியது. சித்தி சாய்தளத்தில் பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் நழுவியது. இறங்கி வந்து, நாடாவின் ஒரு முனையை ஓரத்திடம் கொடுத்தாள்.

“ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். இங்கே எட்டடிதான் இருக்கு. எனக்கு ஏற முடியலை.”

எழுத்தர் அக்கா எழுதிக்கொண்டார்.

தரையில் புடைப்புகளோடு ஒரு மஞ்சள் பட்டை ஓடியது. பார்வையில்லாதவர்கள் தடியால் தொட்டு வழி கண்டுபிடிப்பதற்கான பட்டை. ரேடியோ மாமா அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பட்டை நேராகப் போய் ஒரு தூணில் முட்டியது.

“சார், இந்தத் தூண் எத்தனை மணிக்குக் கிளம்பும்?” என்றார் மாமா.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். “பட்டை போட்ட பிறகுதான் தூண் வந்துச்சு.”

“எனக்கு நெத்தி வீங்கியிருக்கும். எழுதிக்கம்மா.”

ஓரத்துக்கு ஒரு சந்தேகம். “ஏன் எல்லாரும் ‘எனக்கு, எனக்கு’ன்னே சொல்றீங்க?”

“அது இந்தக் குழுவோட வழக்கம்” என்றார் எழுத்தர் அக்கா. “முன்னாடி ‘பாவம், அவங்களுக்கு இது வேணும்’னு மத்தவங்க சொன்னதையெல்லாம் எழுதிட்டிருந்தோம். அதை வெச்சு ஒரு பூங்காவுல குடிதண்ணிக் குழாய்க்குச் சாய்தளம் போட்டாங்க. குழாயை மட்டும் இறக்கவே இல்லை.”

“கையைத் தூக்கினா தண்ணி நேரா சட்டைக்குள்ள போச்சு” என்றாள் சித்தி.

“அன்னியிலேர்ந்து யாருக்குக் கஷ்டமோ அவங்க வாயாலதான் சொல்லணும். அடுத்தவங்களுக்காக யாரும் சொல்லக் கூடாது. பதிவேட்டுல ஏறிட்டா, திறக்கறதுக்கு முன்னாடி நகராட்சி பதில் சொல்லியாகணும். ஏறலைன்னா பேசினது பேசினதுதான்.”

கடைசியாகப் பொறியாளர் சுவரில் இருந்த பொத்தானிடம் போனார். “ஒலிபெருக்கி. இதுல மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.”

அழுத்தினார். அறிவிப்பு உயரமான கூரையில் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. வாளிக்குள் தலையை விட்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது ஓரத்துக்கு.

பட்டாணி ஓடத் தொடங்கினாள். “வா, வா. நாலாம் மேடை பஸ்ஸை ஏழுக்கு மாத்திட்டாங்க.”

ஓரமும் பின்னாலேயே ஓடினாள். குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்தில் துளி வித்தியாசம் இருக்கும், அதை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தாள். ஒரே காது எதோடு வித்தியாசம் பார்க்கும்?

நிஜமான கூட்டத்தில், பட்டாணி இல்லாமல் தனியாக வந்திருந்தால் என்ன ஆகும்? அவள் நாலில் நிற்பாள். பஸ் ஏழிலிருந்து கிளம்பிப் போயிருக்கும்.

அண்ணாந்து பார்த்தாள். சுவரில் பெரிய மின்பலகை ஒன்றில் ‘நல்வரவு’ என்ற எழுத்துகள் பூக்களோடு ஓடிக்கொண்டிருந்தன.

“அங்கிள், அதுல வேற எழுத்து ஓடுமா?”

“எது வேணாலும் ஓடும்மா.”

“அப்ப ஒலிபெருக்கி சொல்றதை அதுலயும் ஓடவிடலாமே.”

பொறியாளர் மோவாயைத் தடவினார். “விடலாம்தான். இதுவரைக்கும் யாரும் கேக்கலையே.”

எழுத்தர் அக்கா பக்கத்தைப் புரட்டினார். “நல்ல யோசனை. யாருக்கு வேணும்?”

“சில பேருக்கு... சரியா கேக்காம இருக்கலாம்.”

பேனா நின்றது. “சில பேருக்குன்னு எழுத முடியாதே, கண்ணு. காது கேக்காதவர் ஒருத்தர் குழுவுல இருந்தார். வேலை மாத்தலாகிப் போயிட்டார். அந்த இடம் காலியாத்தான் இருக்கு.”

ஓரம் சித்தியைப் பார்த்தாள். சித்திக்குத் தெரியும். ஆனால் அவள் நிமிரவே இல்லை. நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

“எனக்கு வேணும்” என்றாள் பட்டாணி திடீரென்று. “எனக்குக் கேக்கலை. எழுதிக்கோங்க.”

“அடியே, நீதானே முதல்ல ஓடினே?” என்றார் அவள் அப்பா.

“அது... தோராயமா ஓடினேன்.”

“தோராயமா ஓடி, ஏழாம் மேடையில கரெக்டா போய் நின்னியாக்கும்” என்றார் ரேடியோ மாமா. எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தர் அக்காவும் சிரித்துக்கொண்டே பேனா மூடியைத் தேடினார்.

“ஏன்டி பொய் சொன்னே?” என்று கிசுகிசுத்தாள் ஓரம்.

“உனக்கு அது வேணும்னு உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. அதான்” என்றாள் பட்டாணி. ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை.

அக்காவுக்கு மூடி கிடைத்துவிட்டது.

“மூடாதீங்க, அக்கா.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சித்தியின் கையில் நாடா அசையாமல் நின்றது. ஓரம் பதிவேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எழுதிக்கோங்க. எனக்கு இடது காது கேக்காது.”