சீல் ஒடைக்காத சம்சம் போத்தல்

மாப்பிள மவுத்தாகி இத்தா இரிந்து முப்பத்தொம்பதாவது நாள், பின்னேரம் அசர் தொழுதிட்டு வெள்ளைத் தாவணியொண்ட எடுக்க அலுமாரியத் தொறந்த ஹிதாயா அப்பிடியே நிண்டுட்டா. மேல் தட்டுல இரிந்த சம்சம் போத்தல்ல தண்ணி ரெண்டு விரல்கட கொறஞ்சிரிந்திச்சு. தண்ணி கொறயிறது என்ன பெரிய விசயம் எண்டு கேப்பீங்க. மூடியச் சுத்தின சீல் ஒடையல்ல, பாருங்க. கசியவுமில்ல. கீழ விரிச்ச கடதாசி மொறுமொறுண்டு காஞ்சு கெடந்திச்சு.

அது மக்காவுக்கு உம்ரா போன மகள் ஷிம்லா, அங்கத்த சம்சம் கிணத்துத் தண்ணியோட கொண்டு வந்த போத்தல். கடைசியில உடுத்துற கபன் துணியும் சம்சமும் ஊட்டுல முன்னுக்கே எடுத்து வெக்கிறதுதானே, மவுத்து நேரம் நாக்குல ரெண்டு சொட்டு விட. அந்த அறையில பூட்டுப் போடுற சாமான் எண்டா அலுமாரி ஒண்டுதான். அதுக்குள்ள வெச்சாங்க. அந்தக் கதவுட உள்பக்கத்துல, தொங்குற அபாயாக்களுக்குப் பின்னால, டெலியாவும் இரிந்தா.

டெலியா பழைய காலத்து ஹொலிவூட் நடிகை. ஹிதாயாவுக்கு பதினாறு வயசுல, முந்தல் ஊர்க் கடையில சீனி சுத்திக் குடுத்த இங்கிலீஸ் கடதாசியில வந்த மொகம். கதிரையில சாஞ்சு நேரா நம்மளப் பாக்குறா, பின்னால கறுப்புத் திரை, வாய் ஏதோ சொல்லப் போற மாதிரி கொஞ்சம் தொறந்து. அப்பிடியொரு அழக ஹிதாயா அதுக்கு முந்திக் கண்டதுமில்ல, பொறகு கண்டதுமில்ல. கல்யாணத்துக்கு வந்த அலுமாரியோட அவளும் கரைத்தீவுக்கு வந்தா. மாப்பிள ஜப்பார், உப்பளத்துல வேலை செஞ்ச மனிசன், அதக் கண்டு ஏசல்ல. "ஒன்ட வெள்ளக்காரி சொகமா? அவ இரிக்கிற அலுமாரிக்குள்ள வானத்து மலக்குமார் வரமாட்டாங்க, தெரியுமா" எண்டு நாப்பத்தஞ்சு வருசமா பகிடி பண்ணினாரு.

போன வருசம் பேத்தி அப்ராதான் போன்ல தேடிக் காட்டினா, டெலியா இருபத்தாறு வயசுல செத்துட்டாளாம். பெரிய மாளிகையில காச்சலோட கெடந்து மணிய அடிச்சு அடிச்சுக் கூப்பிட்டிரிக்கா, ஒருத்தரும் வரல்லயாம். ஹிதாயா அண்டைக்கு சோறு திங்கல்ல. யாரு பெத்த புள்ளயோ, தொண்ட காஞ்சு கெடந்திரிக்கே எண்டு அழுதா. பொறகு அவ நடிச்ச படங்கள ஒண்டு ஒண்டாப் பாக்கத் தொடங்கினா. அப்ப ஜப்பாருக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாசம், படுக்கைதான். அவருக்குத் தூக்கம் கெடக்கூடாது எண்டு அப்ரா காதுல மாட்டுற வெள்ள வயரொண்ட குடுத்திட்டுப் போனா.

ஜப்பார் மவுத்தான அண்டைக்கும் இப்பிடியொரு அசர் நேரம். களப்புக் காத்து ஜன்னலால உப்பு வாடையோட வந்திட்டிரிந்திச்சு. ஹிதாயா கட்டிலுக்கு முதுகக் காட்டி, கதிரையில இரிந்து, டெலியாட கடைசிப் படத்தப் பாத்தா. முக்கா மணித்தியாலம். படம் முடிஞ்சு வயரக் கழட்டினா, ஃபேன் சத்தம் மட்டும். திரும்பினா, தண்ணிக் கோப்ப நெலத்துல உருண்டு கெடக்கு. ஜப்பார்ட வாய் தொறந்தபடி. ஒதடு காஞ்ச உப்புப் பாத்தி மாதிரி வெடிச்சுக் கெடந்திச்சு. நல்ல கை அலுமாரிப் பக்கம் நீண்டு, ஒரு விரல் மட்டும் தூக்கி. எத்தின தரம் கூப்பிட்டாரோ.

ஷிம்லா ஓடி வந்து கேட்ட மொதல் கேள்வி, வாப்பாக்கு சம்சம் குடுத்தீங்களா எண்டுதான்.

"ஓம் மகள்" எண்டா ஹிதாயா. "என்ட கையால குடுத்தேன்."

அவ்வளவுதான். ஜனாஸா கெடந்த நேரம், படமிரிந்தா மலக்குமார் வரமாட்டாங்க எண்டு பெண்டுகள் சுவர்ல இரிந்த கல்யாணப் போட்டோ, காலண்டர் எல்லாத்தயும் கழட்டினாங்க. அலுமாரிக்குள்ள இரிந்தத ஒருத்தரும் கழட்டல்ல. அறுவத்தொரு வயசுல நடிகைட படத்த ஒளிச்சு வெச்சிரிக்கேன் எண்டு எந்த மொகத்தோட சொல்ற? சீல் ஒடைக்காத போத்தலயும் மேல் தட்டுல உள்ளுக்குத் தள்ளி வெச்சா. ஒடச்சுக் கொஞ்சத்த ஊத்திருவம் எண்டு ரெண்டு தரம் எடுத்தா. கை ஓடல்ல.

இத்தாவுல பாக்க வந்த பெண்டுகளுக்கெல்லாம் ஷிம்லா அதத்தான் சொன்னா. வாப்பா குடுத்து வெச்சவர், உம்மாட கையால சம்சம் குடிச்சிட்டுப் போனாரு எண்டு. அவங்க மாஷா அல்லாஹ் எண்டு ஹிதாயாட கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. ஹிதாயா தலையக் குனிஞ்சுக்குவா. துக்கம் எண்டு அவங்க நெனச்சாங்க.

போத்தல் கொறஞ்சதக் கண்ட பொறகுதான் கவனிச்சா. ஆரும் வந்து அவட கைய மெச்சிட்டுப் போன நாளெல்லாம் தண்ணி எறங்குது. அடுத்த நாள் மூணு பேர் வந்தாங்க, போத்தல் பாதியாப் போச்சு. பொறகு சத்தம். வெயில் சாயிற நேரம், மீன் லொறி போற எரச்சலும் காகம் கத்துறதும் அடங்கினதுக்குப் பொறகு, அலுமாரிக்குள்ளால மடக் எண்டு ஒரு சத்தம், நல்லாத் தாகத்துல இரிந்தவங்க முழுங்குற மாதிரி. கொஞ்சம் பொறுத்து இன்னொண்டு. அலுமாரியில நப்தலின் வாடைதான் வாற. இப்ப செண்ட் வாடை. ஜப்பாருக்குத் தேச்ச தைல வாடையும் அதோட கலந்து.

அதுக்குப் பொறகு அவ கதவத் தொறக்கல்ல. நாலு நாள் ஒரே தாவணியோட இரிந்தா. மகள்ட்ட சொல்லிருவம் எண்டு வாயத் தொறப்பா. "என்ன உம்மா?" எண்டு ஷிம்லா கேப்பா. "ஒண்டுமில்ல புள்ள."

அஞ்சாம் நாள் பொழுது படுற மஃரிபுக்கு முந்தி பக்கத்து ஊட்டு சாரா உம்மாக்கு இழுக்கத் தொடங்கிட்டு. தொண்ணூறு வயசு மனிசி. ஹிதாயா அவட மாப்பிளைக்குக் குடுத்த சம்சத்துல மிச்சம் இரிந்தா எனக்கும் ரெண்டு சொட்டு எண்டு, மூச்சுக்கு மூச்சு அதத்தான் கேக்குறாவாம். ஷிம்லா கோப்பையும் கரண்டியும் கொண்டு அறைக்குள்ள வந்தா.

"சாவியத் தாங்க உம்மா, நான் எடுக்கிறேன்."

"வேணாம். நான் எடுக்கிறேன். நீ வெளிய நில்லு."

மகள் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் போய் நிண்டா. ஹிதாயாக்கு சாவி ஓட்டையில போகல்ல. ரெண்டு தரம் வழுக்கிச்சு. உள்ளுக்கு மடக். மடக். சாவி திரும்பின ஒடனே நிண்டிச்சு.

போத்தல் வெறும். சீல் அப்பிடியே.

அபாயாக்கள வெலக்கினா. ஈரம். துணியெல்லாம் ஈரம்.

டெலியா நேராப் பாக்கல்ல. மொகம் ஒரு பக்கம் திரும்பியிரிந்திச்சு. ஒதடு நனஞ்சு மினுங்குது. தாடையால ஒரு சொட்டு எறங்குது. கடதாசியால எறங்கி, கதவால எறங்கி, ஹிதாயாட கால்ல விழுந்திச்சு. குளிர்.

டெலியாட காதுல வெள்ள வயர்.

பின்னால கறுப்புத் திரை இல்ல. அறை. இந்த அறை. ஜன்னல். கட்டில். கட்டில்ல ஜப்பார். வெடிச்ச ஒதடு. நீட்டின கை. தூக்கின ஒரு விரல்.

"உம்மா" எண்டா ஷிம்லா திரைக்கு அந்தப் பக்கத்தால. "சாரா உம்மாக்கு மூச்சு அடங்குது. தண்ணியத் தாங்க."

படத்துக்குள்ள அவர்ட வாய் மூடிச்சு. தொறந்திச்சு. திரும்ப மூடிச்சு. சத்தம் இல்ல. டெலியா திரும்பல்ல. காதுல வயர் மட்டும் லேசா ஆடிச்சு.